பன்முக ஆட்டக்காரர் என்று யாரைச் சொல்வது?

உவர்மலைவாசி:
வணக்கம். எங்கள் பாடசாலைக் கூடைப்பந்து அணியில் பன்னிரண்டாவது இடம் ஒன்றுக்கு இரண்டு மாணவர்கள் நிற்கிறார்கள். ஒருவன் புள்ளி, ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடித்தல்), அசிஸ்ட் (சக வீரன் புள்ளி எடுக்கப் பந்து கொடுத்தல்) மூன்றிலும் நல்ல கணக்குக் காட்டுகிறான். மற்றவன் கூடைக்கு எறிவதே குறைவு; ஆனால் நெட்டையனோ குட்டையனோ, எவனை விட்டாலும் மறித்து நிற்கிறான். இவர்களில் எவனைப் பன்முக ஆட்டக்காரன் என்பீர்கள்?

பழைய மாணவன்:
முதலாமவனைத்தான், சேர். 1961–62 பருவத்தில் ஒஸ்கார் ரொபர்ட்சன் ஆட்டத்துக்குச் சராசரியாக 30.8 புள்ளிகள், 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட் எடுத்தார். ஒரு பருவம் முழுவதும் மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி வைத்திருக்க, 2016–17இல் ரசல் வெஸ்ற்புரூக் வரும்வரை, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் வேறெவராலும் முடியவில்லை. கணக்கைத் தள்ளிவிட்டு வேறு எதைக்கொண்டு அளப்பது?

கடற்கரை வீதி:
தம்பி சொல்வதில் பாதியைத்தான் ஏற்பேன். 2017 பெப்ரவரியில் டிரேமண்ட் கிரீன் ஓர் ஆட்டத்தில் எடுத்தவை வெறும் 4 புள்ளிகள். கூடவே 12 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், 10 ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தல்). அந்தப் பருவத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. எதிரணி ஸ்கிரீன் போட்டு (தடுப்பவனின் வழியில் ஒருவன் மறித்து நின்று) ஆளை மாற்றிவிடும்போது, புதிதாக எதிரே வந்தவன் யாராக இருந்தாலும் தடுமாறாமல் நிற்பவனைக் கணக்குப் புத்தகம் காட்டித் தராது.
இன்னொன்று. 1980 என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் காலில் காயம்பட்ட கரீம் அப்துல் ஜபாருக்குப் பதிலாக, பந்தைக் கொண்டுவரும் மஜிக் ஜோன்சன், கூடையருகே நெட்டையர் நிற்கும் சென்டர் இடத்தில் தொடங்கினார். வயது 20, எடுத்தது 42 புள்ளிகள். கணக்கு பெரிதுதான், ஆனால் பழகாத இடத்தில் நின்றும் ஆட்டம் குலையாததையே நான் பெரிதென்பேன்.

வலைப்பந்து ஆசிரியை:
வலைப்பந்தில் கோல் கீப்பர் தன் மூன்றிலொரு பகுதியைத் தாண்டினால் ஓஃப்சைட். அதில் பழகிய பிள்ளைகள் கூடைப்பந்துக்கு வந்தால், முதல் மாதம் முழுவதும் இல்லாத கோட்டின் முன்னே கால் தயங்கி நிற்பார்கள். அந்தத் தயக்கம் விரைவில் விட்டுப்போகும் பிள்ளையைத்தான் நான் தேடுவேன். நம்முடைய திறந்த சீமெந்துத் தரையில் இன்னொரு சோதனையும் உண்டு: கச்சான் காற்றில் தூரத்து எறிதல் இரண்டு முறை விலகிப்போனதும், எறிவதை விட்டுப் பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே நுழைபவன் யார் என்று பாருங்கள்.

உவர்மலைவாசி:
நன்றி. தடுப்பவனுக்கு இதுவரை நான் பந்தைக் கொண்டுவரும் வேலையைக் கொடுத்ததே இல்லை. கணக்குக் காட்டுபவனை அணியின் நெட்டையனுக்கு எதிரே விட்டதும் இல்லை. நாளை பின்னேரப் பயிற்சியில், காற்று வீசும்போதே, இரண்டையும் செய்து பார்க்கிறேன்.