நம்பியார் சாமியை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அடையாறுவாசி:
திரையில் வில்லன், நேரில் சபரிமலை குருசாமி, இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் எழுத வந்தது அதற்கில்லை. 1986 கார்த்திகை, எனக்கு ஒன்பது வயது, முதல் தடவை மலைக்குப் போகிற கன்னிசாமி. சென்னையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் இருமுடி கட்டு நடந்தது, அப்பா கூட்டிப் போயிருந்தார். அதற்கு முந்தின வாரம்தான் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ மறுபடி ஓடி, அதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. கறுப்பு வேட்டி, வெற்று உடம்பு, கழுத்தில் மாலை, அவர்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் முகத்தையே பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையோடு உள்ளங்கையை வைத்து ஒரு தேய் தேய்ப்பாரே, இதோ தேய்க்கப் போகிறார், இதோ தேய்க்கப் போகிறார் என்று. பக்கத்தில் ஒரு வயசான சாமிக்குக் கை நடுங்கி நெய் தேங்காய்க் கண்ணுக்குள் இறங்காமல் வெளியே வழிந்துகொண்டிருந்தது. இவர் தன் கையை அந்தக் கைக்கு அடியில் கொடுத்தார். நெய் நூல் மாதிரி இறங்கியது. கார்க்கை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, தேங்காயின் மேல் வழிந்திருந்ததைத் தன் துண்டாலேயே துடைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, என் தேங்காய்க்குக் கை நீட்டினார்.

நான் தேங்காயை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

அப்பா இழுத்தார், நான் அசையவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, “சாமி சரணம்” என்றுவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டார். எனக்கு வேறொரு சாமி நெய் நிறைத்துக் கொடுத்தார். 2008 நவம்பர் 19 அன்று அவர் போன செய்தி வந்தபோது நான் மாலை போட்டிருந்தேன். அன்றிலிருந்து அந்த நீட்டின கை மனசை விட்டுப் போகவில்லை.

பழையரீல்:
அவரை நேரில் பார்த்ததில்லை, ஆனால் என்னிடம் அவர் இருக்கிறார், அதனால் எழுதுகிறேன். அப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். ‘எங்க வீட்டுப் பிள்ளை’ சாட்டை சீன் வந்தால் ஜனம் மறுபடி போடு என்று கத்தும், சில நாள் போட்டுத்தான் ஆகவேண்டும். அதுவே திரும்பத் திரும்ப ஓடி, பிலிம் ஓரத்து ஓட்டை தேய்ந்து, அந்த இடத்தில் மட்டும் பிலிம் அறுந்துகொண்டே இருக்கும். அப்பா அறுந்த முனையை வெட்டி, பிளேடால் சுரண்டி, பிலிம் சிமெண்ட் என்கிற பசையைத் தடவி ஒட்டுவார். வெட்டி விழுந்த துண்டு எனக்கு. பையன்கள் எல்லாரும் எம்.ஜி.ஆர். துண்டுக்கு அலைவார்கள், என் கையில் வந்தது நம்பியார் சாட்டையை ஓங்கி நிற்கிற துண்டு. மாற்றிக்கொள்ள ஒருத்தனும் வரவில்லை, அதனால்தான் இன்றுவரை தங்கியிருக்கிறது. தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். கலர் எல்லாம் போய் முழுக்க ரோஸ் நிறமாகிவிட்டது, அந்தக் கால ஈஸ்ட்மென் கலர் பிரிண்டுகளுக்கு அதுதான் கதி. வெயிலில் தூக்கிப் பிடித்தால் முகம் இன்னும் தெரிகிறது.

காங்கேயத்துக்காரன்:
தப்பாக நினைக்காதீர்கள், ஆனால் வில்லன் என்று பேச்செடுத்தாலே நம்பியார் நம்பியார் என்று அவரோடு நிறுத்திவிடுகிறோம், இது எனக்கு ரொம்ப நாள் வருத்தம். எங்கள் ஊர்க்காரர் பி.எஸ்.வீரப்பா எங்கே போனார்? 1957 ‘மகாதேவி’ வில்லன் அவர். 58 ‘நாடோடி மன்னன்’ படத்தில் இரண்டு பேருமே உண்டு, ராஜகுரு வீரப்பா, பிங்கலன் நம்பியார். அதைப் பார்த்துவிட்டு யார் பெரியவர் என்று சொல்லுங்கள். ‘ஆலயமணி’, ‘ஆனந்த ஜோதி’ எடுத்த தயாரிப்பாளரும் அவர்தான், அதையும் யாரும் பேசுவதில்லை.

என் அனுபவம் சின்னதுதான். எங்கள் தாத்தாவுக்குக் கடைசி இரண்டு வருடம் ஞாபகம் போய்விட்டது, பெற்ற பிள்ளைகளையே தெரியவில்லை. ஒருநாள் டிவியில் வீரப்பாவின் சிரிப்புச் சத்தம் வந்தது. தாத்தா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “நம்மூர்க்காரன்டா” என்றார். அந்த வாரம் முழுக்க அவர் பேசினது அது ஒன்றுதான்.

சேலத்துப்பெண்:
@காங்கேயத்துக்காரன், தாத்தா விஷயம் படித்து அழுதுவிட்டேன். ஆனால் போட்டி வேண்டாமே. வீரப்பாவின் பலம் குரல். நம்பியார் கண்ணையும் விரலையும் வைத்து வேலை செய்தவர். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்து மதன்பூர் மகாராஜாவைப் பாருங்கள், கத்தவே மாட்டார், அதுதான் பயம். அவரை வெறும் வில்லன் என்று சொன்னாலே என் அம்மாவுக்குக் கோபம் வரும். நவாப் ராஜமாணிக்கம் நாடகக் கம்பெனியில் சின்னப் பையனாகச் சேர்ந்து வளர்ந்தவர், எங்கள் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் எடுத்த ‘திகம்பர சாமியார்’ படத்துக்கு அவர்தான் நாயகன், பதினோரு வேஷம். ஏற்காடு ரோட்டில் அந்த ஸ்டுடியோவின் வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. பஸ் அதைத் தாண்டும்போதெல்லாம் அம்மா என் கையை அமுக்கி, “இங்கதான்டி பதினோரு வேஷம்” என்பாள். ஒவ்வொரு தடவையும். போன வருடம் அவள் போனபின் முதல் தடவை அந்த வழியாகப் போனேன், கை தானாக மடியிலிருந்து எழுந்தது.

சரங்குத்தி:
நானும் பார்த்திருக்கிறேன், நீலிமலை ஏற்றத்தில், வருடம் ஞாபகமில்லை. எங்களைத் தாண்டி ஏறிப்போனார், கூட்டம் தானாக வழிவிட்டது, நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். அவ்வளவுதான்.

@அடையாறுவாசி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது வயதுப் பையனை முதல் தடவை கூட்டிப் போகிறவர்கள் கட்டு நிறைக்கிற அன்றைக்குத்தான் குருசாமியிடம் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள், அது தப்பு. மாலை போடுகிற அன்றைக்கே அவர் கையால் போடவைக்க வேண்டும், நாற்பத்தோரு நாளில் நாலு பஜனைக்காவது கூட்டிப்போய்ப் பழக்க வேண்டும், அப்போது பயம் வராது. கன்னிசாமிக்கு மலைவழியில் சரங்குத்தியில் குத்துகிற சரத்தை, அதாவது அந்த மர அம்பை, அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள், தொலைத்துவிடுவான் என்று பெரியவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். எருமேலியிலிருந்து பெருவழி என்கிற காட்டுப் பாதையில் போவதென்றால் சின்னப் பிள்ளைகளுக்கு அழுதை மேடும் கரிமலையும் ரொம்பக் கஷ்டம், முதல் வருடம் பம்பையிலிருந்தே ஏற்றுங்கள். ஏறுகிறபோது வயிறு முட்டத் தின்னக் கொடுக்காதீர்கள், கொஞ்சம் வெல்லமும் அவலும் போதும். சட்டை இல்லாமல் போவதால் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்புக் கயிற்றில் கட்டிவிடுங்கள். பதினெட்டாம் படி ஏறும்போது பிள்ளையை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் ஏறுங்கள். இருமுடியைப் பிள்ளை தலையிலிருந்து எக்காரணம் கொண்டும்

அடையாறுவாசி:
@சரங்குத்தி, சாமி, பாதியில் நிற்கிறது, மீதியையும் போடுங்கள். என் பையனுக்கு இந்த வருடம்தான் கன்னி. கட்டு நிறைக்கும்போது அவன் தேங்காய்க்கு நானே நெய் ஊற்றலாம் என்று இருந்தேன், இப்போது குழுவிலேயே வயசான சாமி ஒருவரைக் கேட்டிருக்கிறேன்.

@பழையரீல், அந்தத் துண்டில் எத்தனை படம் இருக்கிறது? கை தெரிகிறதா?

பழையரீல்:
ஏழு படம். இப்போதுதான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கை நன்றாகத் தெரிகிறது. ஏழிலும் சாட்டை மேலேதான் இருக்கிறது, அடி விழவில்லை.