பல்லாண்டுச் சோளம் நம் மேட்டாங்காட்டுக்கு வருமா?

கேள்வி: வெள்ளகோவில் மேட்டாங்காடு

அனைவருக்கும் வணக்கம். வெள்ளகோவிலுக்குத் தெற்கே எங்களுக்கு ஆறு ஏக்கர் மானாவாரிக் காடு இருக்கிறது. ஆண்டுதோறும் மழைக்கு முன் இரண்டு உழவு ஓட்டி, மாட்டுத் தீவனமான தட்டுக்காகச் சோளம் விதைக்கிறோம். மழை கைவிட்ட ஆண்டில் உழவுக்கூலியும் விதைக்காசும் மண்ணோடு போய்விடுகின்றன. சீனத்தில் ஒருமுறை நட்டு நான்கு ஆண்டு அறுக்கும் நெல்லை உருவாக்கியிருக்கிறார்கள் என்றும், அமெரிக்காவின் கன்சாசில் கோதுமைக்கு இனமான ஒரு புல்லைத் தானியப் பயிராக மாற்றி வருகிறார்கள் என்றும் படித்தேன். அதே வழியில், விதைத்துவிட்டால் சில ஆண்டு தானாகத் தழைக்கும் சோளம் நமக்கு வர வாய்ப்புண்டா? நம் பக்கத்து ஆராய்ச்சியாளர்கள் போவது எதிர்த் திசையில்தான் என்றும் தோன்றுகிறது. மூலனூர்ப் பக்கம் போத்து (கிளைத் துண்டு) நட்டு வளர்த்த மரமுருங்கை இருந்த இடத்தில், விதைத்த ஆறு மாதத்தில் காய்க்கும் செடிமுருங்கைதானே இப்போது நிற்கிறது?

மறுமொழி: கோபி வாய்க்கால் பாசனம்

நெல்லைப் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தாங்கள் படித்த நெல் யுன்னான் பல்கலைக்கழகத்தில் உருவான பி.ஆர். 23 என்னும் இரகம். தாய்லாந்தின் ஆர்.டி. 23 நெல்லையும், மண்ணுக்குள் கிழங்குபோல் தண்டு ஓட்டிப் பரவும் ஆப்பிரிக்கக் காட்டு நெல்லையும் மகரந்தம் கலந்து ஒட்டுச் சேர்த்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் பொறுக்கி எடுத்து, 2018-இல் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். ஒரே நடவில் நான்கு ஆண்டுகளில் எட்டு அறுவடை எடுத்து, அறுவடைக்குச் சராசரியாக எக்டேருக்கு 6.8 டன் கண்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒவ்வொரு பருவமும் புதிதாக நட்ட நெல் 6.7 டன் தந்தது. அறுத்த தாளே மறுபடி தழைக்கும் மறுதாம்புப் பருவங்களில் ஆள்வேலை ஏறக்குறைய 58 விழுக்காடு குறைந்ததுதான் சிறு விவசாயிகளை ஈர்த்தது. 2021-இல் 15,333 எக்டேரில் பயிரிட்டார்கள். ஐந்தாம் ஆண்டில் விளைச்சல் இறங்கியதால் பிடுங்கி மறுபடி நடவேண்டியிருந்தது.

இது தண்ணீர் இருக்கிற இடத்துக்கான பயிர். அறுத்த தாளுக்கு அடுத்த பருவம் வரை ஈரம் வேண்டும். கொடிவேரியில் பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் இருபோகம் எடுக்கும் எங்களுக்குப் பொருந்தலாம். ஒரு போகம் நெல்லுக்கும் அடுத்தது புன்செய்க்கும் என்று முறைவைத்துத் தண்ணீர் விடும் கீழ்பவானியில்கூடப் பொருந்துமா என்பது ஐயமே. வெள்ளகோவில் மேட்டுக்கு அதை நினைக்கவே வேண்டாம்.

மறுமொழி: வடவள்ளி, ஓய்வுபெற்ற பயிர்ப் பெருக்கத்தார்

கேள்வி கேட்டவர் எதிர்த் திசை என்று எழுதியதில் பாதிதான் உண்மை. பல்லாண்டுப் பயிருக்காகக் காட்டுப் புல்லோடு ஒட்டுச் சேர்க்கும் வேலை கோவைக்குப் புதிதன்று. 1912-இல் இங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் தடித்த கரும்பையும் நம் ஊர் நாணலினத்துப் பேய்க்கரும்பையும் ஒட்டுச் சேர்த்துப் பெற்ற கோ 205, 1918-இல் பஞ்சாபுக்குப் போனது. இன்று மறுதாம்புக் கரும்பு தெம்பாகத் தழைப்பதில் அந்தக் காட்டுப் பாட்டியின் பங்கு பெரிது. கம்பையும் நேப்பியர் புல்லையும் சேர்த்த தீவனப்புல்லும் இங்கே உருவானதுதான். ஆனால் கம்புக்கு 14, நேப்பியருக்கு 28 குரோமோசோம்கள் (மரபுப் பண்பைச் சுமக்கும் இழைகள்) என்பதால் ஒட்டுக்கு ஒற்றைப்படையாக 21 அமைந்து, அவை சரியாக இணை சேராமல் அது விதை பிடிக்காது, தண்டுத் துண்டான கரணைதான் நடவேண்டும். புல்லுக்கு அது குறையில்லை, தானியத்துக்கு அதுவே முட்டுக்கட்டை.

சோளத்திலும் இதே கணக்குதான் குறுக்கே நிற்கிறது. பல்லாண்டு வாழும் ஜான்சன் புல்லுக்கு 40 குரோமோசோம்கள், நம் சோளத்துக்கு 20. இரண்டையும் சேர்த்த ஒட்டுகள் கன்சாசில் பல தலைமுறையாகப் பொறுக்கப்பட்டும், மண்ணுக்குள் ஓடும் தண்டும் பெருத்த மணியும் ஒரே செடியில் நிலைப்பது கடினமாகவே இருக்கிறது. அந்தத் தண்டு தப்பி வெளியேறினால் அதுவே தீராத களையாகிவிடும். ஜான்சன் புல் பல நாடுகளில் அப்படித்தான் பெயர் கெட்டது. மேலும், சோளக் கட்டையில் வறட்சியில் வரும் இளந்துளிரில் ஐதரோசயனிக் நச்சு மிகுதி என்பதையும், அதை மேய்ந்த மாடு சிறிது நேரத்திலேயே சாயும் என்பதையும் தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆண்டெல்லாம் துளிர்க்கும் சோளத்தில் அந்த நச்சைக் குறைக்காமல் மேய்ச்சல் நாட்டுக்குக் கொடுப்பது பொறுப்பற்ற செயல்.

பூச்சியையும் நோயையும் மறந்துவிடக்கூடாது. கோவைச் சீமையில் கம்போடியாப் பருத்தியைக் காட்டிலேயே நிறுத்தித் தழைக்கவிடாமல், குறித்த நாளுக்குள் பிடுங்கியாக வேண்டும் என்று 1919-ஆம் ஆண்டுப் பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டத்தின்கீழ் ஆணை இருந்தது. பூச்சி ஒரு பட்டத்திலிருந்து அடுத்த பட்டத்துக்குத் தாவ நிற்கிற செடியே பாலமாகும் என்பதுதான் காரணம். துவரை இயல்பிலேயே பல்லாண்டுச் செடி. வரப்பில் நட்டு நிறுத்தலாம். ஆயினும் நிறுத்திய துவரைதான் மலட்டுத் தேமல் நோயையும் அதைப் பரப்பும் சிலந்திப்பேனையும் கோடை தாண்டிக் காப்பாற்றுகிறது. ஆகவே பல்லாண்டுப் பயிரை உருவாக்குகிறவர், ஓராண்டுப் பயிர்க்காரரைவிட நோய் எதிர்ப்பை முதலிலேயே தேடவேண்டும். விளைச்சல் பிறகு வரட்டும்.

மறுமொழி: காங்கேயம் கொரங்காடு

ஐயா எழுதியதைப் படித்தபோது, எங்கள் கொரங்காட்டையே (வேலி கட்டிய மேய்ச்சல் காட்டையே) ஒரு பல்லாண்டுப் பயிராக யாரும் எண்ணிப் பார்ப்பதில்லையே என்று தோன்றியது. கிளுவை வேலி, இடையிடையே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல் என்று எங்கள் மாமனார் காலத்திலிருந்து ஏர் படாத நாலு ஏக்கரில், ஒரு மழை பெய்தால் பத்து நாளில் மாட்டுக்கு மேய்ச்சல் வந்துவிடுகிறது. பக்கத்துச் சோளக்காட்டில் மண் அரித்தோடிய ஆண்டிலும் இங்கே வாரியில் (மழைநீர் ஓடையில்) கலங்கல் தண்ணீர் ஓடியதில்லை. தட்டுக்காகத்தான் சோளம் விதைக்கிறீர்கள் என்றால், இல்லாத பயிருக்குக் காத்திருப்பானேன்?

மறுமொழி: வடவள்ளி, ஓய்வுபெற்ற பயிர்ப் பெருக்கத்தார்

அம்மா சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன். அதோடு ஒரு செய்தி: கொழுக்கட்டைப் புல் பெரும்பாலும் மகரந்தக் கலப்பில்லாமலேயே விதை பிடிப்பதால், ஒவ்வொரு விதையும் தாயின் நகலாக இருக்கிறது. விவசாயிக்கு அது வசதி, தன் காட்டின் நல்ல செடியின் விதையை எடுத்து நம்பி விதைக்கலாம். பயிர்ப் பெருக்கத்தாருக்கோ தலைவலி, ஒட்டுச் சேர்க்க இடமேயில்லை. டெக்சாசில் கலப்பினால் விதைபிடிக்கும் ஓர் அரிய செடி அகப்பட்ட பிறகுதான் அதற்கு வழி பிறந்தது. அதுவரை எல்லோரும் செய்தது பொறுக்குதல் மட்டுமே. அதை இன்றும் காங்கேயத்தில் யார் வேண்டுமானாலும் செய்யலாம்: கடும் கோடைக்குப் பின் முதலில் துளிர்க்கும் தூர்களைக் குச்சி நட்டு அடையாளம் வைத்து, அவற்றின் விதையை மட்டும் தனியே உருவுங்கள்.

கேள்வி கேட்டவர்: வெள்ளகோவில் மேட்டாங்காடு

மூவருக்கும் நன்றி. வாரி ஓரத்துச் சரிவில் இரண்டு ஏக்கரைப் புல்லுக்கு விட்டு, மீதியில் சோளத்தைத் தொடர்வதாக முடிவு செய்திருக்கிறேன். முன்பு ஒருமுறை புல் விதையை வாங்கி வந்தவுடன் தூவி, ஒன்றும் முளைக்காமல் ஏமாந்தேன். தவறு எங்கே?

மறுமொழி: காங்கேயம் கொரங்காடு

புது விதை உறங்கும் ஐயா. உருவிய விதையை ஆறேழு மாதம் சாக்கில் போட்டு உலர்ந்த இடத்தில் வைத்திருந்து, ஈரமண்ணோடு பிசைந்து, மழைக்கு முன் மேலாகத் தூவுங்கள். ஆழமாக மூடினால் வராது. முதல் ஆண்டு மாட்டை உள்ளே விடவேண்டாம். தூர் பிடிக்கும் முன் வாயில் வேரோடு வந்துவிடும்.