1973இல் ஐஸ்லாந்து: எரிமலையும் மீன் சண்டையும் ஒரே கதையா?

கேள்வி:
1973இல் ஐஸ்லாந்தில் நடந்தவை பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கே தேடினாலும் ஹெய்மேய் தீவில் வெடித்த எரிமலைதான் முதலில் வருகிறது. அதே வருடம் பிரிட்டனோடு மீன்பிடித் தகராறும் முற்றியிருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டுமா, சேர்த்துச் சொல்ல வழி இருக்கிறதா?

பதில் 1:
தாராளமாகச் சேர்க்கலாம், இரண்டிலும் பிரச்சினை மீன்தான். ஜனவரி 23 அதிகாலை இரண்டு மணி வாக்கில் ஊரின் கிழக்கு ஓரத்தில் நிலம் நீளவாக்கில் பிளந்து நெருப்பைக் கக்க ஆரம்பித்தது. தீவில் சுமார் 5,300 பேர். முந்தின நாள் புயல் அடித்ததால் படகுகள் எல்லாம் கடலுக்குப் போகாமல் துறைமுகத்திலேயே கிடந்தன, அதனால்தான் விடிவதற்குள் கிட்டத்தட்ட எல்லோரையும் ஏற்றி அக்கரை சேர்க்க முடிந்தது. நாள் சாதகமாக அமைந்ததை விடாமல் எழுதுங்கள்.

அப்புறம் லாவா, அதாவது எரிமலைக் குழம்பு, துறைமுக வாயை நோக்கி நகர்ந்தது. நாட்டின் முக்கியமான மீன்பிடித் துறைமுகங்களில் அது ஒன்று. வாய் அடைந்தால் வீடு தப்பினாலும் பிழைப்பு இல்லை. தோர்பியோர்ன் சிகுர்கெய்ர்சன் என்ற இயற்பியலாளர் சொன்ன யோசனைப்படி லாவா மேல் கடல்நீரைப் பீய்ச்சினார்கள். முன்பகுதி குளிர்ந்து இறுகினால் அதுவே பின்னால் வருவதற்கு அணை. அமெரிக்காவிலிருந்து பெரிய பம்புகள் வந்தன. சூடான பாறை மேல் பிளாஸ்டிக் குழாய் போட்டிருக்கிறார்கள், உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் வரை அது உருகாது! கடைசியில் துறைமுகம் அடைபடவில்லை, லாவா முன்னால் வந்து நின்றதில் அலையிலிருந்து முன்பைவிட நல்ல மறைப்புகூட கிடைத்தது.

பதில் 2:
மேலே சொன்னதோடு இழப்பையும் எழுதுங்கள், வெற்றிக் கதையாக மட்டும் முடித்துவிடாதீர்கள். சுமார் 400 வீடுகள் போய்விட்டன. விஷவாயுவால் ஒருவர் இறந்தார். சாம்பல் பாரத்தில் கூரைகள் இடிந்துவிழாமல் இருக்க ஆட்கள் மேலே ஏறி வாரித் தள்ளினார்கள், பறந்து வரும் எரிகற்களுக்குப் பயந்து ஜன்னல்களில் தகரம் அடித்தார்கள். ஜூலை தொடக்கத்தில்தான் அடங்கியது. பிறகு பெரும்பாலானோர் திரும்பி வந்து, ஆறாத லாவாவின் சூட்டையே வீடுகளைச் சூடேற்றப் பல வருடம் பயன்படுத்தினார்கள்.

பதில் 3:
சரி, கடல் பக்கம் நான் சொல்கிறேன். 1972 செப்டம்பரில் ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 12 கடல் மைலிலிருந்து 50 ஆக்கியது, பிரிட்டன் ஏற்கவில்லை. ஐஸ்லாந்தின் கடலோரக் காவல் கப்பல்கள், வலையறுக்கும் ஒரு கருவியைக் கடலுக்குள் இழுத்தபடி பிரிட்டிஷ் இழுவைக் கப்பல்களுக்குக் குறுக்கே போகும். வலையை இழுக்கும் கம்பி அறுந்தால் வலையும் மீனும் கடலுக்கு அடியில். 1973 மே மாதம் பிரிட்டன் போர்க்கப்பல்களையே அனுப்பிவிட்டது, இத்தனைக்கும் இரண்டும் நேட்டோ ராணுவக் கூட்டணியில் இருக்கும் நாடுகள். அந்தப் பதற்றத்துக்கு நடுவேதான் மே 31 அன்று அமெரிக்க அதிபர் நிக்சனும் பிரெஞ்சு அதிபர் பொம்பிதுவும் ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் சந்தித்தார்கள். ஆகஸ்டில் ஐகிர் என்ற காவல் கப்பல் பிரிட்டிஷ் போர்க்கப்பலோடு மோதிய பிறகு, ஐகிரின் சேதத்தைச் சரிசெய்துகொண்டிருந்த அதன் பொறியாளர் மின்சாரம் தாக்கி இறந்தார். நவம்பரில் ஒப்பந்தம்: பிரிட்டன் வருடத்துக்குச் சுமார் 1,30,000 டன் பிடிக்கலாம், இரண்டு வருடத்துக்கு மட்டும். அது முடிந்ததும் 200 மைல் கேட்டு மறுபடி மூண்டது வேறு சண்டை, உங்கள் கட்டுரைக்குள் வராது.