நாகமரையில் என் முதல் பரிசல்: சுழலாமல் செலுத்துவது எப்படி? பாய் கட்டலாமா?

கேள்வி – பென்னாகரம்_மலர்

அனைவருக்கும் வணக்கம். நான் பென்னாகரத்தில் வசிக்கிறேன். அஞ்சல் அலுவலகத்தில் பணி. மேட்டூர் அணை நீர்த்தேக்கத்தின் கரையிலுள்ள நாகமரைத் துறையிலிருந்து எதிர்க்கரையிலுள்ள பண்ணவாடிக்குச் சிறுவயது முதல் பயணியாகச் சென்று வந்தவள், இந்த மாசி மாதத்தில் எனக்கென்று ஒரு சிறிய பரிசலை வாங்கியிருக்கிறேன். மூங்கில் பிளாச்சுகளால் பின்னி, அடியில் நெகிழிச் சாக்கைக் கட்டித் தார் பூசிய பழைய முறைப் பரிசல் அது. விட்டம் ஏறத்தாழ 2 மீட்டர் இருக்கும். நீச்சல் தெரியும், மிதவைச் சட்டையும் வாங்கிவிட்டேன்.

மீன் பிடிக்கவா, ஆள் ஏற்றவா என்று துறையில் எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டுக்கும் இல்லை. மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டபோது நீருக்குள் போன ஊர்களில் ஒன்று என் பாட்டியின் தாய்வீடு. அந்த நீரின் மேல் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சற்று நேரம் இருக்க வேண்டும், எனக்கு வேண்டிய திசையில் நானே போய் வர வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் எனக்கு இல்லை. துடுப்பை ஓய்வாக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, வாரம் முழுவதும் மனத்தில் முட்டிக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாக வரிசைக்கு வந்துவிடுகின்றன.

பரிசல் நான் நினைத்த திசையில் போகாமல் தன்னைத் தானே சுற்றிக்கொள்கிறது. வலப்பக்கம் துடுப்பு வலித்தால் இடப்பக்கம் திரும்புகிறது. அதைச் சரிசெய்ய இடப்பக்கம் வலித்தால் மறுபடியும் சுற்றுகிறது. இதற்கு முறையான வழி என்ன? மேலும், ஆடி மாதக் காற்றைப் பயன்படுத்திக்கொள்ள நடுவில் ஒரு கம்பு நட்டுச் சிறு பாய் கட்டலாம் என்று அண்ணன் மகன் சொல்கிறான். அது நடக்கக்கூடியதா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் – ஒகேனக்கல்_துறை

வணக்கம் அம்மா. எங்கள் குடும்பம் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிற குடும்பம். எருமைத் தோல் போர்த்திய பரிசலைத் தாத்தா செலுத்தியதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

படகுக்கு முன் பின் உண்டு; பரிசலுக்கு அது கிடையாது. பக்கவாட்டில் துடுப்புப் போட்டால் அது சுற்றத்தான் செய்யும், அது அதன் இயல்பு. ஆகவே பக்கத்தில் வலிப்பதை முற்றிலும் விட்டுவிடுங்கள். போக வேண்டிய திசையைப் பார்த்து விளிம்பை ஒட்டி மண்டியிட்டு அமர்ந்து, உங்களுக்கு நேர் முன்னே துடுப்பை இறக்கி, நீரை உங்களை நோக்கி இழுங்கள். பரிசலை நீங்கள் தள்ளுவதில்லை, முன்னால் இருந்து இழுத்துக்கொண்டு போகிறீர்கள் என்பதை மனத்தில் பதித்துக்கொண்டால் கை தானாகப் பழகிவிடும். இடது முன்புறம் ஓர் இழுப்பு, வலது முன்புறம் ஓர் இழுப்பு என்று முதலில் மாற்றி மாற்றிப் போடலாம். பழகிய பிறகு துடுப்பை நீரைவிட்டு எடுக்காமலே, எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்து எழுதுவதுபோல் முன்னால் அசைத்துக்கொண்டே போகலாம். அப்போது சுழற்சி அறவே நின்றுவிடும்.

தனியாகச் செல்லும்போது நீங்கள் முன்விளிம்பில் சாய்வதால் பின்புறம் தூக்கும். உங்கள் எடையில் பாதி அளவுக்கு ஒரு மணல் மூட்டையைப் பின்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மணலைத் தவிர வேறு கனமான, கூரான பொருள் எதையும் வைக்க வேண்டாம். பிளாச்சு ஒடிந்தால் சாக்கு கிழியும்.

ஒரு கைப்பிடிச் சொம்பை விளிம்பில் கயிறு போட்டுக் கட்டி வையுங்கள். கசிவு இல்லாத பரிசல் எதையும் நான் கண்டதில்லை. அவ்வப்போது நீரை இறைத்துக்கொண்டே போவது இந்த வாழ்க்கையின் ஒரு பகுதி.

பதில் – ஊத்தங்கரை_மாலுமி

பாய் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் ஊத்தங்கரைக்காரன். வேலை நிமித்தம் சென்னையில் இருந்த காலத்தில் துறைமுகத்துக்குள் சிறு பாய்மரப் படகு செலுத்தக் கற்றுக்கொண்டேன். 1911இல் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அந்த நீர்ப்பரப்பில்தான் இயங்குகிறது. அந்த அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்கிறேன்: பரிசலில் பாய் கட்ட வேண்டாம்.

பாய்மரப் படகு காற்றுக்குக் குறுக்காகவும், ஓரளவு காற்றை எதிர்த்தும் போவதற்குக் காரணம் பாய் மட்டும் அன்று. நீருக்குள் இறங்கியிருக்கும் அடிப்பலகை, படகு பக்கவாட்டில் நழுவுவதைத் தடுக்கிறது. சுக்கான் முகத்தைத் திருப்பாமல் பிடித்து வைக்கிறது. தட்டையான வட்ட அடி கொண்ட பரிசலுக்கு இவை இரண்டும் இல்லை. பாய் கட்டினால் காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கே மட்டும்தான் போவீர்கள், அதையும் சுழன்றுகொண்டே போவீர்கள். உயரத்தில் பாயைப் பிடித்த காற்று விளிம்பை நீரை நோக்கிச் சாய்க்கும். நெய்த மூங்கிலில் கம்பு நடுவதற்கு வலுவான இடமும் கிடையாது. பிள்ளையின் ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. அவனுக்குப் பாய் பழக வேண்டுமென்றால் அதற்கென்று கட்டிய படகில் பழகட்டும்.

காற்றை வேறு விதமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனி, ஆடியில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருகிறது. அதாவது பண்ணவாடிப் பக்கமிருந்து நாகமரைப் பக்கம் வீசுகிறது. எனவே புறப்படும்போது, உடம்பில் தெம்பு இருக்கும்போதே, காற்றுக்கு எதிராகப் போய்விடுங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே உங்களைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். காற்றோடு போய்விட்டு எதிர்த்துத் திரும்பலாம் என்று எண்ணுவதுதான் புதியவர்களுக்கு ஆபத்தானது. விடியற்காலையில் நீர் கண்ணாடியாக இருப்பதற்கும் காரணம் உண்டு: இரவில் குளிர்ந்த காற்று தரையோடு அடங்கிக் கிடக்கிறது, வெயில் ஏறித் தரை சூடான பிறகு, மேலே வீசும் பலத்த காற்று கீழே இறங்கிக் கலக்கிறது. ஆகையால் சூரியன் உதிக்கும் வேளையில் இறங்கி, வெயில் உறைக்கும் முன்னே கரையேறுங்கள். சித்திரை, வைகாசி மாலைகளில் இடி கேட்டால் ஒரு நிமிடமும் நீரில் இருக்கக் கூடாது. திறந்த நீர்ப்பரப்பில் உயர்ந்து தெரிவது நீங்கள் மட்டும்தான்.

பதில் – ஏரியூர்_விவசாயி

இருவரும் நன்றாகச் சொன்னார்கள். நான் பரிசல் ஓட்டுபவன் அல்லன்; நீர் வற்றும் காலத்தில் அணையின் படுகையில் பயிரிடுபவன். கரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் புதிதாக வருபவர்கள் நீரைப் பார்க்கும் அளவுக்குக் கரையைப் பார்ப்பதில்லை.

அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. வழக்கப்படி ஜூன் 12இல் பாசனத்துக்குத் திறந்தால், மேலிருந்து வரத்து இல்லாத ஆண்டில் நீர் நாள்தோறும் இறங்கும். எங்கள் பக்கத்துக் கரை மெல்லச் சரிவது. 50 அடிக்கு ஓரடி சரிவுள்ள இடத்தில் நீர் 2 அடி இறங்கினால் விளிம்பு 100 அடி தள்ளிப் போய்விடும். சென்ற ஞாயிறு நீரோரம் கவிழ்த்து வைத்த பரிசல் அடுத்த ஞாயிறு வயல் நடுவே கிடக்கும். இடையில் இருப்பது முழங்கால் சேறு. கர்நாடக அணைகள் நிரம்பி உபரி நீர் வந்தாலோ அதற்கு நேர்மாறாக, மேட்டில் கிடந்த பரிசலை இரவோடு இரவாக நீர் கொண்டுபோய்விடும். ஆகவே பரிசலை மேட்டில் வைத்தாலும் மரத்தில் கட்டியே வையுங்கள்; புறப்படும் முன் அணையின் நீர்மட்டத்தையும் காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்தையும் செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று முள். நீர் வற்றிய படுகையில் சீமைக்கருவேலம் முளைத்துவிடுகிறது. திரும்பவும் நீர் ஏறும்போது அது ஓரடி ஆழத்தில் மறைந்து நிற்கும்; உங்கள் தார்ச் சாக்கை ஒரே இழுப்பில் கிழிக்கும். நீர் ஏறும் காலத்தில் கரையோரமாகப் போவது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். துறைக்காரர்கள் போகும் தடத்திலேயே போங்கள்.

பென்னாகரம்_மலர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. துடுப்பை முன்னால் இறக்கி இழுத்துப் பார்த்தேன். நேராகப் போகிறது, இன்னும் சற்றுத் தள்ளாடினாலும் நான் நினைத்த மரத்தை நோக்கித்தான் போகிறது. அந்த மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பாய் யோசனையை விட்டுவிட்டோம்.

கடைசியாக ஒன்று. நீர் நன்றாக இறங்கினால் பண்ணவாடியில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும் அல்லவா? அவற்றை நீரிலிருந்து பார்க்க வேண்டும் என்று அம்மா நெடுநாளாகக் கேட்கிறார். அவருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. 2 மீட்டர் பரிசல் இருவரைத் தாங்குமா?

பதில் – ஒகேனக்கல்_துறை

தாங்கும் அம்மா. அந்த அளவுள்ள தட்டை அடி 10 சென்டிமீட்டர் அமிழ்ந்தாலே, பரிசலின் சொந்த எடையையும் சேர்த்து ஏறத்தாழ 300 கிலோவைச் சுமக்கும். எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். எடை இடம் மாறுவதைப் பற்றித்தான் கவனம் வேண்டும். முதலில் பழகிய துறைக்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கரையோரத்திலேயே ஒரு முறை அம்மாவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். மணல் மூட்டை இருந்த இடத்தில், முதுகுக்குத் தலையணை வைத்து, அடியில் படுக்கைப் பாய் விரித்து அவரைத் தாழ உட்கார வையுங்கள். நாற்காலியோ முக்காலியோ கூடாது. அவருக்கும் மிதவைச் சட்டை மாட்டி, வார்களை இறுக்கிவிடுங்கள். நந்தியை நெருங்கும்போது எழுந்து பார்க்க ஆசை வரும். அதற்குப் பதிலாக நீங்கள் பரிசலையே மெல்லத் திருப்பிக் காட்டுங்கள், சுழலும் குணம் அங்கே உங்களுக்கு உதவும். சுற்றிலும் இடிந்த கற்சுவர் நீருக்குள் இருக்கக்கூடும், ஆகவே சற்றுத் தள்ளியே நில்லுங்கள். கரை தட்டியதும் நீங்கள் முதலில் இறங்கி விளிம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்ட பிறகே அவரை எழச் சொல்லுங்கள்.