த்ராட்டிலைக் குறைத்தால் எரிபொருள் சூடாகிறது, ஏன்?

கேள்வி:
வணக்கம். போர் விமான ஜெட் எஞ்சின் ஒன்றின் எரிபொருள் அமைப்பைக் கணினி மாதிரியாக அமைத்து வருகிறேன். முழு விசையில் எல்லாம் சீராக இருக்கிறது. உயரத்தில் த்ராட்டிலை (விசைக் கட்டுப்பாட்டை)க் குறைத்து இறங்கத் தொடங்கியதும், எரிபொருளைத் தெளிக்கும் முனையான நாசிலுக்குப் போகும் எரிபொருள் 160 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. எஞ்சின் எண்ணெயின் சூட்டை எரிபொருளுக்கு மாற்றும் ஆயில் கூலரின் வெப்பத்தை நீக்கிப் பார்த்தாலும் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. எங்கே தேடுவது?

பதில் 1:
பம்பைப் பாருங்கள். பற்சக்கர பம்ப் கியர்பாக்ஸ் வழியாக எஞ்சின் தண்டோடு சுழல்வது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு எரிபொருளைத் தள்ளியே தீரும். உயரத்தில் த்ராட்டிலைக் குறைத்தாலும் சுழல்வேகம் அவ்வளவாக இறங்காது, தேவை மட்டும் சரிந்துவிடும். மிச்சம் பைபாஸ் வால்வு வழியாகப் பம்பின் நுழைவாய்க்கே திரும்புகிறது.

அழுத்த உயர்வு 50 பார், அடர்த்தி கன மீட்டருக்கு 800 கிலோ, ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க 2 கிலோஜூல் வெப்பம் என்று போட்டுப் பாருங்கள். ஒரு முறை சுற்றி வந்தால் 3 டிகிரி. பம்பின் திறன் 70 சதவீதம் என்றால் நாலரை. பத்தில் ஒரு பங்குதான் எரிகிறது என்றால், அந்த ஒரு பங்கு சுமார் 45 டிகிரியைச் சுமந்து வெளியேற வேண்டும். ஆயில் கூலரை எவ்வளவு திருத்தினாலும் இது தீராது.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. திரும்பும் எரிபொருளைத் தொட்டிக்கே அனுப்பினால்?

பதில் 2:
தொட்டி நிறைந்திருக்கும் வரை பலன் தரும். பறப்பின் கடைசியில் தொட்டியில் இருப்பது கொஞ்சம். அதுவும் மின்னணுக் கருவிகளையும் ஹைட்ராலிக் எண்ணெயையும் குளிர்வித்து ஏற்கெனவே சூடேறியது. எஃப்-22 விமானத்தில் இதற்காகவே காற்றால் குளிரும் எரிபொருள் கூலர் இருக்கிறது. ராணுவ ஜெட் எரிபொருளான ஜேபி-8 ஏறத்தாழ 163 டிகிரிக்கு மேல் கரியாகப் படிந்து நாசிலை அடைக்கத் தொடங்கும். '+100' சேர்மானம் அந்த வரம்பை 218 வரை உயர்த்தும். ஆனால் பம்ப் உண்டாக்கும் வெப்பம் அப்படியே இருக்கும்.

பதில் 1:
வெப்பம் பிறக்கும் இடத்திலேயே குறைப்பதுதான் முறை என்பேன். மையவிலக்கு பம்ப் தேவையில்லாததைச் சுற்றி அனுப்பாது. ஆனால் அதன் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும், பத்தில் ஒரு பங்கு வேகத்தில் நூறில் ஒரு பங்குதான். எஞ்சினைத் தொடக்க அது போதாது. ஒரு சுற்றில் தள்ளும் அளவை மாற்றக்கூடிய வேன் பம்ப் (தகடுகள் கொண்ட பம்ப்) நல்ல வழி, தேய்மானம்தான் கவலை. உங்கள் மாதிரியில் முதலில் சிறிதும் பெரிதுமாக இரண்டு பற்சக்கர பம்புகளை வைத்து, குறைந்த விசையில் பெரியதன் அழுத்தச் சுமையை நீக்கிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
செய்து பார்த்தேன். இறக்கத்தில் வெப்பநிலை வரம்புக்குள் வந்துவிட்டது!

பதில் 1:
மகிழ்ச்சி. த்ராட்டிலைத் திடீரென முழுதாகத் திறக்கும் நிலையையும் ஓட்டிப் பாருங்கள். பெரிய பம்ப் மீண்டும் சேரும் நொடியில் அழுத்தம் சரியக் கூடாது.