நிலப் பரிவர்த்தனையா, நேர்மாற்றா?

திருவான்மியூரிலிருந்து:
கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். சட்ட மாணவர்களுக்கான பாடநூலின் மெய்ப்பை வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். அமெரிக்க வனத்துறை அரசுக் காட்டின் ஒரு பகுதியை மர நிறுவனத்துக்குக் கொடுத்து, அந்நிறுவனத்தின் நிலத்தைப் பதிலுக்குப் பெறும் ஏற்பாட்டை என்னவென்று சொல்வது? வாஷிங்டன் மாநிலத்தில் வெயர்ஹாவுசர் நிறுவனம் 30,253 ஏக்கர் தந்து, அரசிடமிருந்து 4,362 ஏக்கர் பெற்றது. பெற்ற நிலத்தில் முதுமரங்களும், மக்கிள்ஷூட் பழங்குடியினரின் முன்னோர் நடந்த தடமும் இருந்தன. வனத்துறை செய்த ஆய்வு போதாது என்று 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘நிலமாற்றம்’ என்றால், வயல் வீட்டுமனையாவதையே மாணவர்கள் நினைக்கிறார்கள். ‘பரிவர்த்தனை’ என்று எழுதலாமா?

மயிலாப்பூரிலிருந்து:
அம்மா, ‘நேர்மாற்று’ என்று எழுதுங்கள். அகநானூறு 390இல் உப்பு விற்பவள் “நெல்லும் உப்பும் நேரே” என்று கூவுகிறாள்; குறுந்தொகை 269இல் “உப்பை மாறி வெண்ணெல்” கொண்டுவரப் போகிறாள் தாய். ஒரு பொருளைக் கொடுத்து வேறொன்றைக் கொள்வதற்கு ‘மாறு’ என்ற வினை நம்மிடம் அன்றே இருக்கும்போது, வடசொல்லான ‘பரிவர்த்தனை’ எதற்கு? முதுமரங்கள் நிறைந்த காட்டை உங்கள் வரைவில் ‘முதுகாடு’ என்று எழுதியிருப்பதையும் திருத்த வேண்டும். புறநானூறு 356இல் அது பிணம் சுடும் இடம். ‘தொல்காடு’ பொருந்தும்.

அம்பத்தூரிலிருந்து:
ஐயா சொல்லும் தொல்காட்டை ஏற்கிறேன். நேர்மாற்றை ஏற்க இயலவில்லை. பதிவுத்துறையில் பணியாற்றியவன் நான். அண்ணன் தம்பி இருவர் ஆளுக்கொரு துண்டு நிலத்தை மாற்றிக்கொள்ள வந்தால் எழுதுவது பரிவர்த்தனைப் பத்திரம்தான். எழுத்தறியாதவரும் அந்தப் பெயரைச் சொல்லியே கேட்பார். அதைவிடப் பெரிய தடை, ‘நிகர்’ என்று பொருள்படும் ‘நேர்’ என்ற முன்னொட்டில் இருக்கிறது. இரு நிலங்களும் மதிப்பில் நிகராக இருக்க வேண்டும், குறைவதை அரசு நிலத்தின் மதிப்பில் 25 விழுக்காடு வரை பணமாக ஈடுகட்டலாம் என்கிறது அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் உண்மையில் நிகர்தானா என்பதே கேள்வி. மரத்துக்கு விலை போடுகிறவர் பாட்டன் நடந்த தடத்துக்கு என்ன விலை போடுவார்? பெயரிலேயே ‘நேர்’ என்று சொல்லிவிட்டால், வழக்கைப் படிக்கும் முன்பே மாணவருக்குத் தீர்ப்பைச் சொன்னவர்களாவோம்.

திருவான்மியூரிலிருந்து:
இருவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதிய மூவரும் பரிவர்த்தனைக்கே இசைந்தார்கள். ‘வன நிலப் பரிவர்த்தனை’, ‘தொல்காடு’ என்று திருத்தி அனுப்புகிறேன்.

மயிலாப்பூரிலிருந்து:
‘நேர்’ பற்றிய தடை நியாயமானது, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் அதற்காக ‘மாறு’ என்ற வினையையும் ஏன் விட வேண்டும்? ‘வன நிலமாறு’ என்பதில் நிகர் என்ற பொருளே இல்லை. அடைப்புக்குறிக்குள்ளாவது அதைச் சேருங்கள் அம்மா. வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.