ஹேவ் வெர்ப் பிரசன்ட் டென்ஸ்ல மண்டை காயுது, யாராச்சும் உதவுங்க

குழப்பவாதி:
இன்டர்வியூக்கு இங்கிலீஷ் ப்ராக்டிஸ் பண்றேன், மொபைல்ல ஒரு ஆப் வச்சிருக்கேன், அதுல "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்" போட்டா தப்புங்குது, "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" போட்டா சரிங்குது. ரெண்டும் அதே ஐஎன்ஜி தானே? அப்புறம் "ஐ ஹேவ் ஹேட் லஞ்ச்"னு ஒண்ணு வருது, ஹேட் பாஸ்ட் டென்ஸ் ஆச்சே, அது எப்படி பிரசன்ட்ல வந்து உக்காந்துச்சு?

மதுரை மல்லி:
தங்கச்சி இருக்கிறது ஒரு நிலை தம்பி, நீங்க செய்ற வேலை இல்ல, அதுக்கு ஐஎன்ஜி வராது. "ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்", அவ்ளோதான். லஞ்ச்ல ஹேவ்னா சாப்பிடுறது, அது செயல், அதனால ஹேவிங் ஓகே. நோ (தெரியும்ங்கிற நோ), வான்ட், பிலாங் எல்லாம் இதே கேஸ் தான். நம்ம ஊர்ல பாதி பேர் "ஐ ஆம் ஹேவிங் எ டவுட்"னு தான் கேப்பாங்க, காதுக்குப் பழகிடுச்சு, இன்டர்வியூல மட்டும் வேணாம். அதவிட "ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்"னு சொல்லிடாதீங்க, ரெட்டைக் குழந்தை பொறக்கப்போகுதுன்னு அர்த்தமாயிடும் 😄

சும்மா ஒருத்தன்:
ஹேட் மேட்டருக்கு வரேன். ஈட், ஏட், ஈட்டன் மாதிரி இதுக்கும் மூணு ஃபார்ம் உண்டு, ஹேவ், ஹேட், ஹேட். ரெண்டாவதும் மூணாவதும் பாக்க ஒண்ணா இருக்குறதால தான் குழப்பமே. "ஐ ஹேவ் ஈட்டன்"ல ஈட்டன் இருக்கிற இடத்துல தான் இந்த ஹேட் நிக்குது, அது மூணாவது ஃபார்ம், பாஸ்ட் டென்ஸ் இல்ல, முன்னாடி இருக்கிற ஹேவ் வெறும் ஹெல்பர். ஆள் மாறினா ஹெல்பர் மட்டும் தான் மாறும், "ஷி ஹேஸ் ஹேட் லஞ்ச்". ஐ, யூ, வி, தே வந்தா ஹேவ், ஹி, ஷி, இட் வந்தா ஹேஸ். ஐஎன்ஜி சேக்கும்போது கடைசி ஈ எழுத்தை எடுத்துடணும், அதையும் பாத்துக்கோங்க.

குழப்பவாதி:
சூப்பர் ப்ரோ, இப்ப புரியுது. ஆனா ஷிக்கு ஹேஸ்னா "டஸ் ஷி ஹேஸ் எ பைக்" ஏன் தப்பு?

மதுரை மல்லி:
அந்த எஸ் ஒரு தடவை தான் வரும், டஸ் அதை எடுத்துக்கிச்சு. "டஸ் ஷி ஹேவ் எ பைக்", "ஷி டஸின்ட் ஹேவ் எ பைக்". பிரிட்டிஷ்காரங்க பேச்சுல "ஹேஸ் ஷி காட் எ பைக்"னும் வரும், அதுவும் சரி தான், ஆனா அங்க டஸ் சேக்கக்கூடாது.

குழப்பவாதி:
கடைசியா ஒண்ணு அக்கா. காய்ச்சல்னா "ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்" சொல்லலாமா?

மதுரை மல்லி:
"ஐ ஹேவ் எ ஃபீவர்"னு சொல்லுங்க. தலைவலி மாதிரி விட்டு விட்டு திரும்பத் திரும்ப வந்தா "ஐ ஹேவ் பீன் ஹேவிங் ஹெட்டேக்ஸ் சின்ஸ் மண்டே" சொல்லலாம், டாக்டர்கிட்ட அப்படித்தான் சொல்வாங்க.